சாய்சதுரத்துக்குள் ஒரு கேள்வி

போன மாதம் உங்கள் பயிற்சி முகாமில் பேசக் கூப்பிட்டிருந்தீர்கள். பேசி முடித்ததும் ஓர் இளம் ஆசிரியை எழுந்து, "மேடம், கம்ப்யூட்டரே இல்லாம எப்படி கம்ப்யூட்டர் பாடம் எடுத்தீங்க?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரித்துவைத்தேன். மதியச் சாப்பாட்டுப் பொட்டலங்கள் வந்துவிட்டன. பசித்தவர்களை உட்கார வைத்துக் கதை சொல்லும் அளவுக்கு நான் கொடுமைக்காரி இல்லை. அதனால் பதிலை எழுதி அனுப்புகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் நடுவில் ராயப்பேட்டைக்கும் மயிலாப்பூருக்கும் இடையே இருந்த ஒரு பெண்கள் பள்ளியில் நான் கணக்கு டீச்சராக இருந்தேன். இங்கிலீஷ் மீடியம் மாடியில், தமிழ் மீடியம் கீழ்த்தளத்தில். காலையில் வருகைப் பதிவு எடுக்கும்போது மாடியிலிருந்து "ப்ரெசென்ட் மிஸ்" என்று வரிசையாகக் கேட்கும், கீழேயிருந்து "உள்ளேன் அம்மா" என்று கேட்கும். கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் எந்தத் தளத்தில் நிற்கிறோம் என்று தெரிந்துவிடும். நான் கீழ்த்தளத்து எட்டாம் வகுப்பின் கிளாஸ் டீச்சர்.

அடையாறுக்கு அப்பால் இருந்த ஒரு பெரிய கல்வி நிலையத்தில் அப்போது கம்ப்யூட்டர் வந்து இறங்கியிருந்தது. பள்ளிப் பிள்ளைகள் எழுதும் சின்னச் சின்ன ப்ரோக்ராம்களை சில சனிக்கிழமைகளில் ஓட்டிக் காட்டுகிறோம் என்று எங்களுக்கும் சுற்றறிக்கை வந்தது. மாடிப் பிள்ளைகளை மட்டும் அனுப்புவது என்று ஸ்டாஃப் ரூமில் பேசி முடித்துவிட்டார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அந்த மெஷினுக்கு இங்கிலீஷும் தெரியாது, தமிழும் தெரியாது, அட்டையில் போட்ட துளை மட்டும்தான் தெரியும், அதற்கு என் பிள்ளைகள் போதும் என்று ஹெட்மிஸ்ட்ரஸிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். ஒரே ஒரு புகார் வந்தாலும் அதோடு கீழ்த்தளத்துக்கு இந்த விஷயமே கிடையாது.

இந்த ஹெட்மிஸ்ட்ரஸைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பரங்கிமலைப் பக்கத்து ஆங்கிலோ இந்தியக் குடும்பத்துப் பெண்மணி. முழங்காலுக்குக் கீழே இறங்கும் கவுன், மூடிய ஷூ. வீட்டிலும் வெளியிலும் அவருக்கு ஆங்கிலம்தான். தமிழும் பேசுவார், ஆனால் அது சமையல்காரியிடமும் ரிக்‌ஷாக்காரரிடமும் பேசிப் பேசி வந்த தமிழ். அதில் எல்லாரும் 'நீ'தான், பாதிச் சொற்களுக்கு வால் இருக்காது. கண்டிப்பானவர், ஆனால் அநியாயக்காரர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் தப்பு செய்யப்போவது அவர்தான்.

கம்ப்யூட்டர் இல்லாமல் எப்படிப் பாடம் எடுத்தேன் என்ற கேள்விக்கு வருகிறேன். விளையாட்டு மைதானத்தில் கோடு போட வைத்திருந்த சுண்ணாம்புப் பொடியை வாங்கிக்கொண்டு, வேப்ப மரத்தடியில் பெரிதாக ஒரு ஃப்ளோ சார்ட் வரைவேன். செவ்வகம் வந்தால் ஒரு வேலை செய்ய வேண்டும். சாய்சதுரம் வந்தால் ஒரு கேள்வி. கேள்வியிலிருந்து இரண்டே வழி, ஆமாம் என்றால் வலது பக்கம், இல்லை என்றால் இடது பக்கம். சாய்சதுரத்துக்குள் ஒருத்தி நின்று கேள்வி கேட்பாள். மற்றவர்கள் ஒவ்வொருத்தியாக நடந்து வந்து, பதில் சொல்லி, அந்தப் பக்கம் போக வேண்டும். மெஷினுக்குள் இதுதான் நடக்கிறது, கொஞ்சம் வேகமாக நடக்கிறது, அவ்வளவுதான் என்பேன்.

அன்று சாய்சதுரத்துக்குள் நின்றவள் புஷ்பா. ராயப்பேட்டையில் சைக்கிள் கடை வைத்திருந்தவரின் மகள். அவள் பேச்சில் 'இன்னா'வும் 'கீது'வும் தாராளமாகப் புழங்கும். மாடி டீச்சர்கள் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. பதில் தெரிந்தால் கையைத் தூக்கமாட்டாள், புரியாவிட்டால்தான் தூக்குவாள். அப்படி ஒரு பிள்ளை வகுப்பில் இருந்தால் டீச்சர் அசந்து உட்கார முடியாது.

மழைக்காலம். ஆகவே பிள்ளைகளாகவே ஒரு கேள்வி எழுதி வைத்திருந்தார்கள்: "குடை கொண்டு வரவில்லையா?" ஆமாம் என்றால் தாழ்வாரத்தில் போய் நில், இல்லை என்றால் வீட்டுக்குப் போ. பார்க்கச் சாதாரணக் கேள்விதான். முதலில் வந்தவளிடம் புஷ்பா கேட்டாள். "ஆமா" என்று வலது பக்கம் போனாள். அடுத்து வந்தவள் "இல்ல" என்று சொல்லி இடது பக்கம் போனாள். இப்படியே கொஞ்ச பேர் இந்தப் பக்கமும் கொஞ்ச பேர் அந்தப் பக்கமும் போனார்கள். புஷ்பா கேட்பதை நிறுத்திவிட்டாள்.

"டீச்சர், இவளும் கொடை எடுத்தாரல, அவளும் எடுத்தாரல. இவ ஆமான்றா, அவ இல்லன்றா. ரெண்டும் ஒண்ணுதான். ஆனா ஆளுக்கு ஒரு பக்கமா போய்க்கினு கீறாளுங்க. கேள்வியே கோணலா கீது டீச்சர்."

நான் சுண்ணாம்புக் கையோடு நின்றுவிட்டேன். யோசித்துப் பாருங்கள். 'வரலையா?' என்று கேட்டால் நாம் 'ஆமா' என்றாலும் வரவில்லை, 'இல்ல' என்றாலும் வரவில்லை. ஒருவர் நீ சொன்னது சரி என்கிறார், இன்னொருவர் வரவில்லை என்பதைச் சுருக்கிச் சொல்கிறார். பிறந்ததிலிருந்து நாம் இப்படித்தான் பேசுகிறோம், யாரும் குழம்புவதில்லை. ஆனால் சாய்சதுரத்துக்குள் அந்தக் கேள்வியை வைத்தால் எல்லாம் தடம் மாறிவிடுகிறது. அப்படியானால் என்ன செய்யலாம் என்று புஷ்பாவையே கேட்டேன். கேள்வியை நேராகக் கேட்க வேண்டும், பதிலில் ஆமாவும் வேண்டாம், இல்லையும் வேண்டாம், 'எடுத்தாந்தேன்', 'எடுத்தாரல' என்று முழுசாகச் சொல்ல வேண்டும் என்றாள். அன்றிலிருந்து என் வகுப்பில் அதுதான் சட்டம். சாய்சதுரத்துக்குள் எதிர்மறைக் கேள்வி கூடாது, பதில் வினைச்சொல்லாக இருக்க வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பஸ்ஸில் அடையாறு பாலத்தைத் தாண்டிப் போனோம். மெஷின் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். பிள்ளைகள் கோயிலுக்குள் நுழைவதுபோல் பயபக்தியோடு நுழைந்தார்கள். குளிர்சாதனக் காற்று பட்டதும் ஒருத்திக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. ஒரு எண் பகா எண்ணா என்று கண்டுபிடிக்கும் எங்கள் ப்ரோக்ராம் ஓடி, தாளில் பதில் வந்து விழுந்தது. அந்தத் தாளைக் கையில் வாங்கியபோது பிள்ளைகளின் முகம் இருந்த இருப்பைப் பார்க்க மாடி டீச்சர்கள் யாரும் அங்கே இல்லையே என்றுதான் எனக்கு வருத்தம்.

கிளம்பும் முன் அங்கிருந்தவர், குப்பைப் பெட்டியில் கிடக்கும், துளை போட்ட பழைய அட்டைக் கார்டுகளை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நம் ஊரில் அந்தக் கார்டுகள் எல்லா வீட்டிலும் புத்தகத்துக்கு நடுவே அடையாளமாக இருந்த காலம் ஒன்று உண்டு. பிள்ளைகள் பாய்ந்தார்கள். மற்றவர்கள் ஆளுக்கு நாலைந்து எடுத்தார்கள். புஷ்பா ஒரு கட்டாகவே சேர்த்து ரப்பர் பாண்டு போட்டுப் பையில் வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை பள்ளிக்குத் தொலைபேசி வந்தது. அந்தக் கல்வி நிலையத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஓர் இளைஞரின் கார்டுக் கட்டு காணவில்லை. குப்பைப் பெட்டியை ஒட்டியிருந்த மேஜைமேல் வைத்திருந்தாராம். மாதக்கணக்கான உழைப்பு அதில் இருந்தது. கட்டு கலைந்துபோனால் வரிசை தெரிவதற்காக அதன் மேல் விளிம்பில் சிவப்பு மையால் குறுக்காக ஒரு கோடு போட்டிருந்தாராம். எங்கள் பிள்ளைகளில் ஒருத்தி ஒரு கட்டுக் கார்டைப் பையில் வைத்ததைப் பார்த்ததாக அங்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

நான் உடனே அடையாறுக்குக் கிளம்பிவிட்டேன். அங்கே இருந்த அலமாரிகளை எல்லாம் அந்த இளைஞரோடு சேர்ந்து துழாவினேன். அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. சாப்பிட்டாரா என்று கேட்டேன், அந்தக் கேள்விகூட அவர் காதில் விழவில்லை. கட்டு அகப்படவில்லை. மத்தியானம் பள்ளிக்குத் திரும்பினால், விஷயம் முடிந்துவிட்டது என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ். புஷ்பாவைக் கூப்பிட்டு விசாரித்தாராம், அவள் ஒத்துக்கொண்டாளாம். வீட்டுக்கு அனுப்பிவிட்டார். டி.சி. எழுதிக் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. அப்பா வந்து வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. நடத்தை என்ற இடத்தில் என்ன எழுதியிருந்தார் என்று எட்டிப் பார்த்தேன். அந்தச் சொல்லோடு சென்னையில் எந்தப் பள்ளியும் அவளைச் சேர்த்துக்கொள்ளாது.

அந்த நேரத்தில் எனக்கு என்னென்னவோ தோன்றியது. கத்தலாம் என்று தோன்றியது. அழலாம் என்றும் தோன்றியது. ஆனால் புஷ்பா எடுத்திருப்பாள் என்று மட்டும் என்னால் நம்ப முடியவில்லை. அவளைச் சரியாக என்ன கேட்டீர்கள், அவள் சரியாக என்ன சொன்னாள், ஒரு சொல் விடாமல் சொல்லுங்கள் என்று கேட்டேன். இதையெல்லாம் நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசினோம்.

"மேஜைமேல் இருந்த கார்டுகளை நீ எடுக்கவில்லையா என்று கேட்டேன். 'யெஸ் மிஸ்' என்றாள். எடுத்தாயா என்றேன். 'நோ மிஸ்' என்றாள். அப்படியானால் எடுக்கவில்லையா என்றேன். மறுபடி 'யெஸ் மிஸ்'. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டு தடவை ஒத்துக்கொண்டு நடுவில் ஒரு தடவை மறுக்கிறாள். பையில் இருந்த கட்டில் சிவப்புக் கோடு இல்லை. அதை எங்கே எறிந்தாய் என்றால் அழுகிறாள்."

எனக்கு அந்தச் சுண்ணாம்புச் சாய்சதுரம் கண்முன்னால் வந்து நின்றது. கேள்வி கோணலாக இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்ன பிள்ளையையே அதே கேள்வியில் நிறுத்தி வைத்துத் திருடி ஆக்கியிருக்கிறார்கள். என் வகுப்பில் எதிர்மறைக் கேள்வி கேட்டால் அவள் 'எடுக்கல' என்று முழுசாகச் சொல்லியிருப்பாள். அங்கே, அந்த அறையில், தெரிந்த ஆங்கிலத்தில் பயந்துகொண்டே பதில் சொல்லியிருக்கிறாள். வாயில் இருந்தது ஆங்கிலம், தலைக்குள் ஓடியது தமிழ். ஆங்கிலத்தில் 'எடுக்கவில்லையா' என்று கேட்டு 'யெஸ்' என்று பதில் வந்தால் எடுத்தேன் என்று அர்த்தம், அவள் சொன்னதோ எடுக்கவில்லை என்ற நம் 'ஆமா'.

உங்களுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நியாயம் நம் பக்கம் இருக்கிறது என்று தெரிந்த உடனே வாயைத் திறந்துவிடாதீர்கள். உங்களுக்கு எங்கள் பேச்சு புரியவில்லை என்று நான் அந்தக் கணத்தில் சொல்லியிருந்தால், கீழ்த்தளத்து டீச்சர் கீழ்த்தளத்துப் பிள்ளைக்குப் பரிந்து பேசுகிறாள் என்பதோடு அது முடிந்திருக்கும். என் கையில் இருந்தது வாதம், அவருக்குத் தேவைப்பட்டது காட்சி. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். பள்ளி ஆயா டீ கொண்டுவந்து வைத்தார். மிஸ், இந்த ஆயாவிடம் ஏதாவது ஒன்றைப் பற்றி, 'நடக்கவில்லையா' என்று கேட்டுப் பாருங்கள் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும்.

"ஆயா, போஸ்ட்மேன் வரலே?"

"ஆமாம்மா."

"சரி, லெட்டர் கொண்டா."

"அதான் வரலியேம்மா."

ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைப் பார்த்து, இவள் எப்போதுமே இப்படித்தான், முதலில் ஒன்று சொல்வாள் பிறகு மாற்றிச் சொல்வாள் என்று சலித்துக்கொண்டார். அவர் மாற்றிச் சொல்லவில்லை மிஸ், முதலிலேயே வரவில்லை என்றுதான் சொன்னார் என்றேன். ஹெட்மிஸ்ட்ரஸுக்குப் பிடிபடவில்லை. சரி, மாடியிலிருந்து ஒரு பிள்ளையைக் கூப்பிடுங்கள், உங்கள் இங்கிலீஷ் மீடியத்துப் பிள்ளையையே கூப்பிடுங்கள், நான் வாயே திறக்கமாட்டேன் என்றேன். தாழ்வாரத்தில் போய்க்கொண்டிருந்த ஒரு மாடிப் பெண்ணைக் கூப்பிட்டார். நீ இன்னும் சாப்பிடவில்லையா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"யெஸ் மிஸ்."

"சாப்பிட்டாயா?"

"நோ மிஸ்."

அந்தப் பெண் போன பிறகு ஹெட்மிஸ்ட்ரஸ் டீயைத் தொடவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அவர் மனசுக்குள் என்ன ஓடியது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து எத்தனையோ வருஷங்களாக எத்தனையோ பிள்ளைகளை இப்படி நிற்க வைத்துக் கேட்டிருக்கிறார். வீட்டுப்பாடம் செய்யவில்லையா? யெஸ் மிஸ். நீ அவளை அடிக்கவில்லையா? யெஸ் மிஸ். எத்தனை பேர் இருப்பார்கள் என்று அவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த ஒரு கேள்வியில் வடிந்துவிட்டது.

ஆனாலும் அவர் ஹெட்மிஸ்ட்ரஸ். கொஞ்ச நேரம் கழித்து, ஒத்துக்கொள்ளவில்லை என்பதாலேயே எடுக்கவில்லை என்று ஆகிவிடுமா என்றார். ஆகாது மிஸ், ஆனால் எடுத்தாள் என்றும் ஆகாது என்றேன். அவள் பையில் இருந்ததெல்லாம் குப்பைப் பெட்டிக் கார்டுகள், எடுத்துக்கொள்ளச் சொன்னதை நானே காதால் கேட்டேன். அவளுக்கு எதிராக இருந்தது அந்த இரண்டு யெஸ் மட்டும்தான். அவர் டி.சி.யை எடுத்து மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். பிறகு என் முன்னாலேயே அடையாறுக்குத் தொலைபேசியில் பேசினார். என் மாணவி எடுக்கவில்லை என்றார். நிரூபணம் உண்டா என்று எதிர்ப்பக்கம் கேட்டிருக்க வேண்டும். இல்லை, நான் சொல்கிறேன் என்றார். அதோடு எங்கள் சனிக்கிழமைகள் போய்விடும் என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

அந்தக் கட்டு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வேறு ஒருவருடைய தாள் சுருளுக்குள் சுற்றப்பட்டு அலமாரியில் கிடந்ததாக வெகு நாள் கழித்துச் செய்தி வந்தது. மன்னிப்பு எதுவும் கூட வரவில்லை. அந்த இளைஞர் பிழைத்தார் என்று நான் நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். ஆனால் அந்தச் செய்திக்காகக் காத்திருந்திருந்தால் நான் இப்போது சொல்ல வருவது நடந்திருக்காது.

மறுநாள் புஷ்பா வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. ஆயாவை அனுப்பிச் சொல்லிப் பார்த்தோம், பிள்ளை இனிமேல் வராது என்று சொல்லி அனுப்பிவிட்டார் அவள் அப்பா. கடிதம் எழுதுகிறேன் என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ். அவமானம் நேரில் நடந்தது மிஸ், அதற்குத் தபாலில் பதில் அனுப்ப முடியாது என்றேன். நான் போய்ப் பேசிவிட்டு வருவதாகத்தான் நினைத்திருந்தேன். அவர் எழுந்து, கேட்டது நான்தானே என்றார்.

சனிக்கிழமை காலை, பள்ளிப் பிள்ளைகளை அடையாறுக்கு அழைத்துப் போகும் அதே நேரத்துக்கு, நாங்கள் இருவரும் ராயப்பேட்டைச் சந்துக்குள் நடந்தோம். கவுன் போட்ட அம்மாவைப் பார்த்து வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் எழுந்து நின்றார்கள். சைக்கிள் கடையில் புஷ்பாவின் அப்பா ஒரு ட்யூபைத் தண்ணீர்ப் பேசினில் அமுக்கி ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், வீட்டுக்குள் போகும் வாசலில், புஷ்பா நின்றாள். என்னைப் பார்த்து வழக்கம்போல் சிரிக்கவில்லை.

அவர் பதறிப்போய் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். ஹெட்மிஸ்ட்ரஸ் உட்காரவில்லை. தனக்குத் தெரிந்த தமிழில் நின்றுகொண்டே சொன்னார்.

"மிஸ்டேக் என்னுது. பொண்ணு மிஸ்டேக் இல்லே. நான் தப்பா கேட்டேன். சாரி சொல்ல வந்தேன்."

சந்தில் நின்ற அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது. அதற்காகத்தான் அவர் கடைக்குள் போகாமல் வாசலில் நின்றார் என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது. புஷ்பாவின் அப்பா ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"எம் பொண்ணு எடுக்கலன்றது எனக்குத் தெரியும்மா. நீங்க இவ்ளோ தூரம் வந்து சொன்னது பெரிய மன்சு. ஆனா தண்ணி புடிக்கப் போனாக்கூட கேக்குறாங்க, இன்னா, உம் பொண்ணு மெஷின் ஆபீஸ்ல திருடிட்ச்சாமேன்னு. எட்டாங்கிளாஸ் படிச்சது போதும். டெய்லரிங்ல சேத்துவுடப் போறேன்."

ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டார். "பொண்ணை ஸ்கூல் அனுப்ப மாட்டே?"

"ஆமாம்மா."

ஒரு வாரத்துக்கு முன்னால் என்றால், அந்த ஆமாவைக் கேட்டதும் அவர் சிரித்து, கைகூப்பி, நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பியிருப்பார். இப்போது அவர் முகம் அப்படியே விழுந்தது. என் பக்கம் திரும்பிப் பார்க்கவும் இல்லை. மொழிபெயர்த்துச் சொல்ல எனக்கு அங்கே வேலை இருக்கவில்லை. அந்த ஆமாவுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டதற்கு அவர் கொடுத்த விலை அது.

நான் ஏதாவது பேச வேண்டும் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவர் ஷூவோடு கடைக்குள் ஏறி, ட்யூபுகளையும் டயர்களையும் தாண்டி, வாசலில் நின்ற புஷ்பாவுக்கு முன்னால் போய்க் குனிந்தார்.

"புஷ்பா. மண்டே ஸ்கூல் வருவியா? யெஸ், நோ வாணாம். வேற சொல்லு."

கேள்வி நேராக இருந்தது. புஷ்பா அதைக் கவனித்துவிட்டாள், எனக்குத் தெரியும். அவள் முதலில் என்னைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அவர் தண்ணீருக்குள் இருந்த ட்யூபைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வருவேன் மிஸ்."

அவள் அப்பா சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. ட்யூபை வெளியே எடுத்து, துணியால் துடைத்து, ஓட்டை இருந்த இடத்தில் அடையாளம் போட்டார். நாங்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினோம். பள்ளி வாசலுக்கு வந்த பிறகுதான், அந்த அப்பா அனுப்புவாரா என்று ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டார். தெரியவில்லை மிஸ் என்றேன்.

இன்றைக்கு உங்கள் பிள்ளைகள் ஒவ்வொருத்தர் முன்னாலும் ஒரு திரை இருக்கிறது. தப்பு செய்தால் அதுவே சிவப்பில் காட்டிக் கொடுத்துவிடுகிறது. நல்லதுதான். ஆனால் பதில் தப்பாக வரும்போது பதிலை மட்டும் திருத்திக்கொண்டு போய்விடாதீர்கள். கேள்வி நேராக இருந்ததா என்று ஒரு தடவை பாருங்கள், முக்கியமாக உங்கள் முன்னால் நிற்பது மெஷினாக இல்லாமல் பயந்துபோன ஒரு பிள்ளையாக இருந்தால். நான் ஓய்வு பெறும்வரை எந்தப் பிள்ளையிடமும் 'செய்யவில்லையா' என்று கேட்டதில்லை. எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸும் அதன் பிறகு கேட்டதில்லை. அவர் வாயில் அந்தக் கேள்வி வந்துவிட்டுப் பாதியில் நிற்பதையும், அவர் அதைத் திருப்பிப் போட்டுக் கேட்பதையும் நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

திங்கட்கிழமை காலை பிரேயர் முடிந்து வகுப்புக்குள் வந்தேன். வேண்டுமென்றே பெஞ்சுகள் பக்கம் பார்க்காமல் நேரே மேஜைக்குப் போய் வருகைப் பதிவைத் திறந்தேன். பார்த்து, அவள் இடம் காலியாக இருந்தால் என்னால் மற்ற பெயர்களைப் படிக்க முடியாது என்று பயம். தலை குனிந்தபடியே ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக்கொண்டு வந்தேன். அவள் பெயருக்கு முந்தின பெயர் வந்தது. பேனாவில் மை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். பிறகு அவள் பெயரைக் கூப்பிட்டேன்.

"உள்ளேன் அம்மா."

அடுத்த பெயருக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. புஷ்பா என்று இன்னொரு தடவை கூப்பிட்டேன். டீச்சருக்குக் காது கேட்கவில்லை என்று வகுப்பே சிரித்தது. அவள் எழுந்து நின்று, இன்னும் கொஞ்சம் சத்தமாக, இன்னொரு தடவை சொன்னாள்.